இதைத் தொடாதே

சுல்தான்பேட்டையில் ஏழு மணிக்கு மழை பிடித்தது.
மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.
ஊதுபத்திப் பெட்டியின் முதல் தாளை
இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார் பசவராஜு.
விலை இருக்கவேண்டிய இடத்தில்
பத்தும் பதினைந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
எந்த வாய்ப்பாட்டிலும் இல்லாத ஓர் எண்.
"நாளைக்கு நாற்பதாயிரம் பெட்டி. ஏனு மாடோது, ஹேளம்மா?"
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கம்மனஹள்ளி ஜெபமணி அண்ணனுக்கு எழுதினேன்:
"பிரிண்ட் சரியா வரல. அவசரம்."
என் படபடப்பு, மழை, நாற்பதாயிரம்,
மாதக் கடைசியில் வெட்டப்படப்போகும் சம்பளம்
எல்லாம் அதற்குள் இருப்பதாகத்தான் நினைத்தேன்.
அவருக்குப் போய்ச் சேர்ந்தது நான்கு சொல்.

"எது வரல? எதுல? எப்படி வரல?"

கோபம் வந்தது.
வீடு பற்றி எரிகிறது என்கிறேன்,
தெருப் பேர் கேட்கிறார்.
தெருப் பேர் தெரியாமல்
தண்ணீர் வண்டி எங்கே வரும் என்று
யோசிக்கிற நேரமா அது.

திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினேன்.
அதில் டியூப்லைட் விழுந்திருந்தது.
என் நெற்றி விழுந்திருந்தது.
மானிட்டர் ஓரத்தில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு.
நடுவில், பளிச்சென்று, பதினைந்து ரூபாய்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

நல்லாத்தான் இருந்தது.
காய்ச்சல் தாளுக்கு.
நான் கையைப் பிடித்துக் காட்டியது திரையின் நாடியை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அண்ணே, ஃபைல் நான் செய்தது இல்லை.
எனக்கு முன்னால் இருந்த லூர்து செய்தது.
அவர் மார்ச்சில் நின்றுவிட்டார்.
அவர் வைத்திருந்தது பழைய வெர்ஷன், என்னுடையது புதுசு,
திறக்கும்போது ஏதோ கேட்டது, சரி என்று அழுத்தினேன்.
(என்ன கேட்டது என்று படிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.)
திரையில் பதினைந்து மட்டும் தெரிகிறது.
தாளில் அடியில் இருக்கிற பத்தும் தெரிகிறது.
பெட்டியின் மற்ற பக்கமெல்லாம் சுத்தம்.
பச்சையை மட்டும் கொஞ்சம் கூட்டினேன்.
வேறு எதையும் மாற்றவில்லை.
விலைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு லேயர்,
பேர் 'இதைத் தொடாதே'.
அதனால் அதை நான் தொட

விரல் அங்கேயே நின்றது.

ஏன் தொடக்கூடாது?
லூர்து சொல்லவில்லை. ஒரு பேர் வைத்துவிட்டுப் போய்விட்டார்.
நானும் ஆறு மாதமாக
சாமி மரத்தைச் சுற்றிப் போகிறவள்போல
அதைச் சுற்றியே வேலை பார்த்திருக்கிறேன்.

பூட்டைத் திறந்தேன்.
உள்ளே ஒரு வெள்ளைக் கட்டம்,
தீப்பெட்டி அளவு.
பழைய விலையை மூடி, அதன்மேல் புது விலை.
கட்டத்துக்கு ஓவர்பிரிண்ட் டிக் விழுந்திருந்தது.
திரையில் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.
அச்சில் ஓவர்பிரிண்ட் ஆன வெள்ளை என்பது
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை வைத்து எதை மூடுவது.

டிக்கை எடுத்தேன்.
ஒன்பதே காலுக்கு மெஷின் ஓடியது.
பசவராஜு தாளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை,
எனக்கும் ஒரு டீ வந்தது. ஆறியிருந்தது.

லேயரின் பேரை மாற்றினேன்:
'வெள்ளைக் கட்டம், அடியில் பழைய விலை,
ஓவர்பிரிண்ட் வைத்தால் பத்து வெளியே வரும்.'
பேருக்கு அது நீளம். இருக்கட்டும்.
எனக்குப் பிறகு இந்த ஸ்டூலில் உட்காரப்போகிறவருக்கு
என் போன் நம்பர் தெரிந்திருக்காது.

பாதியில் நின்ற அந்தக் கடிதத்தையும் முடித்து
ஜெபமணி அண்ணனுக்கு அனுப்பினேன், விடையோடு.

காலையில், மெட்ரோவில், பதில் பார்த்தேன்:
"சந்தோஷம். ஆனா அந்தப் பழைய விலைய
அழிக்காம எதுக்கு மூடி வச்சாரு?"

தெரியாது அண்ணே.
லூர்து நம்பர் மாறிவிட்டது.

நானும் அழிக்கவில்லை.